ஏரி மீன் மேலே வந்து வாய் பிளந்தால்: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

ஏரியில் ஏதோ சரியில்லை என்று தெரிந்ததும் பலருக்கும் கால் மருந்துக்கடைப் பக்கம்தான் போகும். அங்கே எந்த நோய்க்கும் ஒரு பாட்டில் இருக்கும். கொட்டிய பிறகுதான், பிரச்சினை வேறு இடத்தில் என்று தெரியும். அதனால் பாட்டிலை வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள். அறிகுறி தெரிந்தபோது மணி என்ன? எந்த மீன், பெரிதா சிறிதா? எந்தக் கரையில், அல்லது ஏரி முழுவதிலுமா? பாதிக்கு மேல் நோய் இந்த மூன்றிலேயே பிடிபட்டுவிடும்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டுச் சமவெளியில் உள்ள சிறிய ஏரிகளுக்கு. ஐந்து முதல் இருபது ஹெக்டேர் பரப்பு, ஒரு மதகு, மிகைநீர் வழிந்தோட ஒரு கலங்கல், ஐப்பசி கார்த்திகையில் நிறைந்து சித்திரை வைகாசியில் நடுப்பள்ளத்துக்குச் சுருங்கும் தண்ணீர். மீன் குத்தகைக்குப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தூண்டில்காரர்கள் வருவார்கள். சில இடங்களில் பெடல் படகு ஓடும். கோடை விடுமுறையில் பிள்ளைகள் குதிப்பார்கள். கொடைக்கானல், ஊட்டி ஏரிகளுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே தண்ணீர் குளிர்ச்சி, ஆகவே பிராணவாயுத் தட்டுப்பாடு இவ்வளவு சட்டென்று வராது.

முதலில் கொள்ளளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம் என்றால் 10,000 கன மீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர். ஒரு ஏக்கர் என்றால் சுமார் 4,000 கன மீட்டர். கரையோர ஆழத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நீளமான கழியில் அடிக்கணக்கு குறித்து, பரிசலிலோ படகிலோ போய்ப் பத்துப் பதினைந்து இடத்தில் குத்திப் பார்த்துச் சராசரி எடுங்கள். மருந்து, சுண்ணாம்பு, குஞ்சு எண்ணிக்கை எல்லாமே இந்த எண்ணை வைத்துத்தான்.

விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது

கரையில் நின்று காலால் ஓங்கித் தரையை மிதியுங்கள், அல்லது கை தட்டுங்கள். மீன் சட்டென்று உள்ளே போய்விட்டால் அது இரை எடுக்க வந்தது, வீட்டுக்குப் போகலாம். சத்தத்தைப் பொருட்படுத்தாமல் அங்கேயே நின்று வாயைப் பிளந்தால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம்.

பகலில் பாசி பிராணவாயுவைத் தருகிறது. இரவில் அதுவும் மூச்சு விடுகிறது. மீன், பாசி, அடிச்சேறு மூன்றும் இரவு முழுக்க ஒரே கையிருப்பைத் தின்கின்றன. சூரியன் எழுவதற்குச் சற்று முன்தான் கையிருப்பு மிகக் குறைவு. ஆகவே நாலரை மணிக்குத் தொடங்கி வெயில் ஏறி ஏழு எட்டு மணிக்குள் மீன் கீழே போய்விட்டால் சந்தேகமே வேண்டாம், பிராணவாயுக் குறைவுதான். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மேகமூட்டமும் காற்றில்லாத புழுக்கமும் இருந்தால் அடுத்த விடியலை எதிர்பார்த்துக் காத்திருங்கள்.

எந்த மீன் தவிக்கிறது என்பது அடுத்த சாட்சி. கட்லாவும் வெள்ளிக்கெண்டையும் முதலில் மேலே வரும். அதிலும் பெரிய மீன்தான் முதலில் சாகும். ரோகு, மிர்கால் பின்னால். ஜிலேபி கடைசிவரை தாக்குப்பிடிக்கும். விரால், தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை வெளிக்காற்றை நேரடியாகவே எடுப்பவை. இவற்றுக்கு ஒன்றும் ஆகாது. விராலும் சேர்ந்து செத்து மிதந்தால் இந்தப் பகுதியை விட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள், அது வேறு வழக்கு.

பிராணவாயு அளக்கும் சோதனைப் பெட்டி மீன்வளர்ப்புப் பொருள் கடைகளில் கிடைக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு அளந்த எண்தான் எண். மதியம் அளந்து பெருமைப்படுவதில் பயனில்லை. லிட்டருக்கு 5 மி.கி. இருந்தால் நிம்மதி. 3-க்குக் கீழே கெண்டை வகைகள் தடுமாறும். 1-ஐ ஒட்டி வந்து சில மணி நேரம் நின்றால் மிதக்கத் தொடங்கும்.

உடனே செய்ய வேண்டியது: 5 எச்.பி. டீசல் பம்பு ஒன்றைக் கரைக்குக் கொண்டு வாருங்கள். உறிஞ்சு குழாயை அடியில் போடாதீர்கள். அடித்தண்ணீரில் பிராணவாயுவும் இல்லை, இருப்பதைத் தின்கிற சேறும் வரும். மேல்மட்டத்திலிருந்து ஓர் அடிக்குள் குழாய் வாய் நிற்கும்படி காலி கேனில் கட்டி மிதக்க விடுங்கள். வெளியேறும் குழாயை வானத்தைப் பார்த்துச் சாய்த்து, நுனியை நசுக்கி, தண்ணீர் பொடித்துளியாக விழும்படி அதே ஏரிக்குள் அடியுங்கள். ஏரி முழுவதையும் காப்பாற்ற முயல வேண்டாம், முடியாது. மீன் கூடி நிற்கும் ஒரு மூலையில் அடித்தால், அந்த மூலைக்கு மற்ற மீனும் வரும். அந்த அரை ஏக்கரைப் பிழைக்க வைத்தால் போதும். துடுப்புச் சக்கர ஏரேட்டர் இருந்தால் இன்னும் நல்லது. எதுவானாலும் மீன் மேலே வந்த பிறகு போடுவது தாமதம். நள்ளிரவுக்குப் பிறகு போட்டு, சூரியன் ஏறி ஒரு மணி நேரம் வரை நிறுத்தாமல் ஓட விடுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குழாயோடு நேரே ஏரிக்குள் விடுவது பரவலான தவறு. நிலத்தடி நீரில் பிராணவாயு ஏறக்குறைய இருக்காது. ஓட்டை போட்ட தகரத்தின் மேல் விழ வைத்து, அங்கிருந்து சிதறி ஏரிக்குள் போகும்படி செய்தால்தான் பலன்.

இனி, 'ஆக்சிஜன் மாத்திரை' கணக்கு. ஒரு கோடி லிட்டரில் லிட்டருக்கு 1 மி.கி. ஏற்ற 10 கிலோ சுத்தப் பிராணவாயு வேண்டும். சோடியம் பெர்கார்பனேட் தூளில் வெளிவரக்கூடியது எடையில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஹெக்டேருக்கு ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரேயொரு மி.கி. ஏற்ற 75 கிலோ தூள். இரண்டு கிலோ பாக்கெட்டை ஏரியில் வீசுவது மனத்திருப்திக்குத்தான். குஞ்சு வளர்க்கும் சிறு தொட்டியில் வேலை செய்வதை ஏரியில் எதிர்பார்க்கக் கூடாது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கதையும் அதுதான். அது தண்ணீருக்குப் பிராணவாயு தருவதாகச் சொல்லப்படும் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. பாசியைக் கொன்று, மறுநாள் நிலைமையை மோசமாக்கவே வாய்ப்பு.

அன்று செய்யக் கூடாதவை: தீவனம், சாணம், கோழி எரு எதுவும் போடாதீர்கள். இழுவலை போட்டு அடிச்சேற்றைக் கலக்காதீர்கள். 'செத்துப் போவதற்குள் பிடித்துவிடலாம்' என்று வலையோடு இறங்குவதே பல ஏரிகளில் மிச்ச மீனையும் முடித்துவிடுகிறது. எட்டு மணிக்கு மேல் மீன் கீழே போன பிறகு, எடையுள்ளவற்றைச் செவுள் வலையால் அமைதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்தடுத்த நாளும் இதே நிலை என்றால் பாசி மிகுதி. அதை அளக்க இருபது செ.மீ. விட்டமுள்ள தகரத் தட்டு ஒன்றை நான்கு கால் பாகமாகப் பிரித்து மாறி மாறிக் கறுப்பு வெள்ளை அடித்து, நடுவில் கயிறும் அடியில் கல்லும் கட்டுங்கள். காலை பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, தட்டை இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் ஆழம் 30 முதல் 40 செ.மீ. என்றால் மீனுக்கு உணவும் உண்டு, ஆபத்தும் இல்லை. 20 செ.மீ.க்குள் மறைந்தால் இரவில் ஆள் போட்டுக் காவல் இருக்க வேண்டிய ஏரி.

மழைக்குப் பிறகு ஒரே நாளில் கொத்தாகச் செத்து மிதக்கிறது

இங்கேதான் 'எந்தக் கரை' என்ற கேள்வி கைகொடுக்கும்.

வரத்துக்கால்வாய் வந்து சேரும் மூலையில் மட்டும் சாவு, மதகுப் பக்கம் மீன் சாதாரணமாகத் திரிகிறது என்றால் வந்த தண்ணீரில் ஏதோ இருக்கிறது. கோடையில் கால்வாயில் தேங்கிய சாக்கடை, கழிவு, வயலில் அடித்த பூச்சிமருந்து எல்லாம் முதல் வெள்ளத்தில் சேர்ந்து வரும். முதல் மழையின் தண்ணீரை, அடைப்பு வசதி இருந்தால், சில மணி நேரம் வேறு பக்கம் திருப்பிவிட்டு, பிறகு வரும் செந்நீரை உள்ளே விடுவது பழைய பழக்கம். இன்றும் அதைவிட மேலான வழி கிடையாது.

ஏரி முழுவதும் சாவு, தண்ணீர் திடீரெனக் கறுத்துவிட்டது, அழுகிய முட்டை நாற்றம் என்றால் அடித்தண்ணீர் மேலே புரண்டிருக்கிறது. வெயில் காலத்தில் மேலே சூடான தண்ணீர், கீழே குளிர்ந்த, பிராணவாயு அற்ற தண்ணீர் என்று இரண்டு அடுக்காக நிற்கும். இடிமழையும் காற்றும் சேர்ந்து அடித்தால் அடுக்கு உடைந்து கலந்துவிடும். இது பட்டப்பகலிலும் நடக்கும். பம்பு வைத்தியம் இதற்கும் பொருந்தும்.

பூச்சிமருந்தின் அடையாளம் தனி. மணிக்கணக்கு கிடையாது, சிறு மீன்தான் முதலில் சாகும். இறால், தண்ணீர்ப் பூச்சி, தவளைக் குஞ்சு எல்லாம் கூடவே சாகும். மீன் சுழன்று சுழன்று நீந்தும், கரையில் வந்து முட்டும். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மொண்டு வெளிச்சத்தில் பாருங்கள்: பொடிப்பொடியாகத் துள்ளும் நீர்ப்பூச்சிகள் உயிரோடு இருந்தால் பிராணவாயுக் குறைவு, ஒன்றுமே அசையாவிட்டால் நஞ்சு என்று சந்தேகிக்கலாம்.

சந்தேகம் வந்ததும் மாதிரி எடுங்கள், மறுநாள் எடுத்தால் ஒன்றும் கிடைக்காது. கண்ணாடி பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, மூடிக்குள் அலுமினியத் தாள் வைத்து மூடுங்கள். சாவு நடந்த இடத்தில் ஒன்று, கால்வாயில் ஒன்று, பாதிக்கப்படாத பக்கம் ஒன்று. மீனும் வேண்டும், ஊதிப்போனது வேண்டாம், உயிர் போய்க்கொண்டிருப்பது நாலைந்து. தாளில் சுற்றி ஐஸில் வையுங்கள். நேரம், இடம், தண்ணீர் நிறம் எழுதி, படம் எடுத்து, மாவட்ட மீன்வள அலுவலகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அன்றே தெரிவியுங்கள். மீன் பிடிப்பதற்காக யாரேனும் நஞ்சு கலந்திருந்தால் அது 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம். வெடி வைப்பதும் அப்படித்தான்.

செத்த மீனை விற்கவும் கூடாது, 'இப்போதுதானே செத்தது' என்று குழம்பு வைக்கவும் கூடாது. வெள்ளம் எட்டாத மேட்டில், கிணறுகளுக்குத் தள்ளி, ஒரு மீட்டருக்கு மேல் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூடுங்கள். மிதப்பதை அப்படியே விட்டால் அழுகி மிச்சப் பிராணவாயுவையும் குடித்துவிடும்.

தண்ணீர் நிறம் மாறியிருக்கிறது

இளம்பச்சை நல்லது. கரும்பச்சையாகி, காற்று தள்ளும் கரையில் பெயிண்டு கொட்டியதுபோல் படலம் ஒதுங்கினால் அது நீலப்பச்சைப் பாசி. ஒரு குச்சியை விட்டுத் தூக்குங்கள். நூல்நூலாகத் தொங்கினால் அது வேறு பாசி, தொல்லையே தவிர நஞ்சு அல்ல. குச்சியில் பெயிண்டு பூசியதுபோல் ஒட்டினால் மேல்கரைக்குப் பலகை எழுதி வையுங்கள்: குளிக்க வேண்டாம், மாடு, நாய் குடிக்க விட வேண்டாம். இன்னொரு சோதனை: பாட்டிலில் பிடித்து ஆட்டாமல் ஒரு மணி நேரம் வைத்தால் நீலப்பச்சை மேலே மிதந்து சேரும்.

மயில்துத்தம் போட்டு ஒரே நாளில் கொல்லலாம் என்ற யோசனை வரும். கொல்லலாம்தான். செத்த பாசி மொத்தமாக அழுகும் மூன்றாம் நாள் மீன் அதன் பின்னால் போகும். பாசியின் தீனி எங்கிருந்து வருகிறது என்று தேடுவதே வழி: சாக்கடை இணைப்பு, துணி துவைக்கும் துறை, கரையில் குவித்த எரு, படகுத்துறையில் வாத்துக்கும் மீனுக்கும் வீசும் ரொட்டி, பொரி.

வெயில் ஏறும்போது செங்கல் நிறப் படலம், மாலையில் அதே இடம் பச்சை என்றால் யூக்ளினா என்னும் நுண்பாசி வகை. படலத்தை வைக்கோல் பிரியால் ஓரமாக ஒதுக்கி அள்ளிவிடலாம்.

கலங்கலான பழுப்பு நிறமா? பாட்டிலில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் மண் அடியில் படிந்திருந்தால் மாடு இறங்குவதோ, சாதாக் கெண்டை அடியைக் கிளறுவதோ காரணம். படியவே இல்லை என்றால் நுண்களிமண். கரை அரிப்பைத் தடுக்காமல் அது தெளியாது.

ஆகாயத்தாமரை மூடுகிறது, படகு நகரவில்லை

நல்ல தீனி கிடைத்தால் இரண்டு வாரத்தில் பரப்பு இரட்டிப்பாகும் செடி இது. விதை சேற்றில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும், எனவே 'ஒரே தடவையில் ஒழிப்பு' என்ற ஒப்பந்தத்தை நம்பாதீர்கள். பூப்பதற்கு முன், பங்குனி சித்திரையில் தண்ணீர் சுருங்கியிருக்கும்போது எடுப்பது மலிவு. எடுத்ததைக் கரை உச்சியில் குவிக்கும் வழக்கம் உண்டு. அடுத்த மழையில் அது திரும்ப உள்ளேயே வரும். கரையைத் தாண்டிய மேட்டில் காய விடுங்கள். களைக்கொல்லி அடித்து அப்படியே அழுகவிட்டால் பாசிக்குச் சொன்ன அதே கதைதான். கையால் எடுத்தாலும் மூன்றில் ஒரு பங்கு எடுத்து, ஒரு வாரம் விட்டு, அடுத்த பங்கு.

புல்கெண்டையை விட்டால் ஆகாயத்தாமரையைத் தின்றுவிடும் என்பதும் தவறு. அது விரும்புவது தண்ணீருக்குள் மூழ்கி வளரும் வேலம்பாசி வகைகளை. வேலம்பாசி அடர்ந்த ஏரியில் விடலாம். அதற்கும் அரையடிக்கு மேல் வளர்ந்த குஞ்சாக இருக்க வேண்டும், சின்னதை விட்டால் விராலுக்குத்தான் தீனி.

பெடல் படகு கனமாக மிதிபட்டால் சக்கரத்தண்டில் சுற்றிய பாசியை முதலில் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது. கரையேற்றி அடிமூடியைத் திறந்து வடித்து, மூடியின் ரப்பரைப் பாருங்கள். ரப்பர் சரியாக இருந்தும் ஏறினால் கண்ணாடியிழையில் முடிக்கீறல். உள்ளே தண்ணீர் ஊற்றினால் வெளியே கசியும் இடம் தெரியும். சாய்ந்த படகை அன்று ஓட்டவே கூடாது. உயிர்காப்புச் சட்டை கொக்கி போடாமல் தோளில் தொங்கினால் போடாததற்குச் சமம்.

உடம்பில் புண், புழு, பேன்

கார்த்திகை முதல் தை வரை, மழை ஓய்ந்து தண்ணீர் குளிரும்போது விரால், கெண்டை, கெளுத்தி உடம்பில் சிவந்த குழிப்புண் தெரிந்தால் அது தொற்றுப்புண் நோய். காரணம் ஒரு நீர்ப்பூசணம். இந்தியாவுக்குள் 1988இல் வந்தது. ஜிலேபிக்கும் சாதாக் கெண்டைக்கும் அநேகமாக ஒன்றும் ஆகாது. அதுவே ஓர் அடையாளம். தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். 7-க்குக் கீழே இருந்தால் ஹெக்டேருக்கு 200 கிலோ சுண்ணாம்பை இரண்டு மூன்று தவணையாக, நீர்த்து ஆற வைத்து, காலையில் பரவலாகத் தெளியுங்கள். பி.எச். 8.5-ஐத் தாண்டிய ஏரியில் போடாதீர்கள். காரம் ஏறும்போது தண்ணீரிலுள்ள அம்மோனியா மீனுக்கு நஞ்சாகும். புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் மருந்துக்கு அளவு, ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 1 லிட்டர். தண்ணீரில் கரைத்துத் தெளிப்பது.

மீன் கழியில், கல்லில் உடம்பைத் தேய்க்கிறது, காரணமில்லாமல் துள்ளுகிறது: பிடித்து வாலடியிலும் துடுப்படியிலும் பாருங்கள். தட்டையாக, கண்ணாடிபோல், அசைகிற புள்ளி மீன்பேன். நூல்போல் தொங்கி, அடியில் சிவந்திருந்தால் நங்கூரப்புழு. பேனுக்குப் பூச்சிமருந்து கொட்டுவதற்கு முன் மூங்கில் வைத்தியம் செய்யுங்கள். பேன் முட்டையிடுவது கழி, கல் போன்ற கெட்டியான பரப்பில். ஏரியில் ஐம்பது அறுபது மூங்கில் கழியை ஊன்றி, வாரம் ஒருமுறை பிடுங்கி நன்கு வெயிலில் காய வைத்துத் திரும்ப ஊன்றுங்கள். முட்டை பொரியும் முன் காய்ந்துவிடும். ஒன்றரை இரண்டு மாதம் விடாமல் செய்தால் பேன் கணிசமாகக் குறையும். செலவு மூங்கிலும் பொறுமையும்தான்.

வலை உரசிய இடத்தில் வெண்பஞ்சு படர்ந்தால் அது கையாண்ட விதத்தின் பலன். வலையையும் நேரத்தையும் மாற்றுங்கள்.

மீன் நிறைய இருக்கிறது, ஆனால் வளரவில்லை

வலை போட்டால் உள்ளங்கை அளவு ஜிலேபி மட்டுமே வருகிறதா? 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன், இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கி, குஞ்சை வாயில் வைத்துக் காப்பாற்றும். வளர வேண்டிய சத்தெல்லாம் இனப்பெருக்கத்துக்குப் போய்விடும். தீவனம் கூட்டினால் குஞ்சுதான் கூடும். கோடையில் தண்ணீர் பள்ளத்துக்குச் சுருங்கியதும் சிறுகண் வலையால் முடிந்தமட்டும் எடுத்துவிடுங்கள். விராலை விட்டுவையுங்கள், அது ஜிலேபிக் குஞ்சைத் தின்னும். சிவந்த குஞ்சுக்கூட்டத்தோடு காவல் நிற்கும் விரால் ஜோடியைத் தூண்டில் போட்டுத் தூக்குவது சுலபம்; தூக்கினால் அந்தக் குஞ்சு அத்தனையும் அன்றே ஜிலேபிக்குத் தீனி.

புதுக்குஞ்சு விடும்போது விரல் நீளக் குஞ்சை எண்ணிக்கைக்காக வாங்கி ஏமாற வேண்டாம். பத்து செ.மீ.க்கு மேல் வளர்ந்ததைப் பாதி எண்ணிக்கையில் விட்டால் அறுவடை அதிகம். பையைத் திறக்காமல் இருபது நிமிடம் ஏரித்தண்ணீரில் மிதக்க விட்டு, பிறகு வாய் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏரித்தண்ணீர் ஊற்றி, குஞ்சு தானாக நீந்தி வெளியேற விடுங்கள். மதிய வெயிலில் பையைக் கவிழ்த்துக் கொட்டிய குஞ்சு மறுநாள் அடியில் கிடக்கும். மிதக்காது என்பதால் யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து 'திருடிவிட்டார்கள்' என்பார்கள்.

வலை கிழிந்து, உள்ளே முள்ளும் ஓடும் மூடிய கறுப்பு மீன் சிக்கினால் அது வீட்டுத் தொட்டியிலிருந்து யாரோ கொண்டுவந்து விட்ட 'டேங்க் கிளீனர்'. கரையில் வளை தோண்டும். திரும்ப ஏரியில் எறியாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அப்படியே. அதை வளர்ப்பதற்கே தடை இருக்கிறது.

மீனில் சேற்று வாடை

நீலப்பச்சைப் பாசியும் சேற்று நுண்ணுயிரும் விடும் ஜியோஸ்மின் என்ற பொருள் கொழுப்பில் தங்குவதால் வருவது. பிடித்த மீனை உயிரோடு சுத்தமான தொட்டியில், தீவனமின்றி, தண்ணீர் மாற்றி நாலைந்து நாள் வைத்தால் குறையும். சமையலறையில் தோலையும் வயிற்றோரக் கொழுப்பையும் கறுஞ்சதையையும் எடுத்துவிட்டு, புளிக்கரைசலில் அரைமணி ஊற வையுங்கள். புளிப்பு அந்தப் பொருளைச் சிதைக்கிறது. ஏரி மீனுக்குக் கெட்டிப் புளிக்குழம்பு என்று வைத்தவர்கள் காரணமாகத்தான் வைத்தார்கள்.

தூண்டிலில் எதுவும் விழவில்லை

குத்தகை ஏரியில் குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். பிறகு தக்கையைப் படியுங்கள்.

தக்கை நடுங்குகிறது, முழுகவில்லை, இரை காணோம்: பொடிக்கெண்டை கொத்துகிறது. முள்ளைச் சிறிதாக்குங்கள், அல்லது மைதாவை விட்டுக் கடலைப்புண்ணாக்கு சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்த உருண்டை போடுங்கள். தக்கை மேலே எழும்பிப் படுக்கிறது: அடியிலிருந்து மிர்காலோ சாதாக் கெண்டையோ இரையைத் தூக்கியிருக்கிறது. முழுகட்டும் என்று காத்திருப்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். படுத்த அந்த நொடியே சுண்டுங்கள். தக்கை மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்தால் விரால், அவசரப்படாமல் இரையை விழுங்க விடுங்கள். தக்கையைச் சுற்றிக் குமிழ் வரிசையாக வந்தால் கெண்டை சேற்றைக் கிளறுகிறது, இடம் மாற்றாதீர்கள்.

நரம்பு எப்போதும் முடிச்சிலேயே அறுகிறதா? உலர்ந்த நரம்பில் முடிச்சை இறுக்கும்போது சூட்டில் வலுவிழக்கிறது. எச்சிலால் நனைத்து இறுக்குங்கள். பெரிய மீன் இழுத்து அறுத்தால், நரம்பு மெல்லியது என்பதைவிட, ஓட விடாமல் இழுத்துப் பிடித்ததே பெரும்பாலும் காரணம்.

கோடை மதியம் மீன் மதகடி ஆழத்துக்குப் போய்விடும். கரையோரத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பலனில்லை. விடியலும் பொழுது சாயும் நேரமும் பாருங்கள். ஆனால் விடியலில் மீன் மேலே வாய் பிளந்து நிற்கும் ஏரியில் அன்று ஒன்றும் கடிக்காது, இரையை மிச்சப்படுத்துங்கள். கூட்டுத்தீனி தவிடும் புண்ணாக்குமாக ஆளுக்கு அரை கிலோ போதும். கிலோக்கணக்கில் கொட்டினால் மீன் வயிறு நிரம்பிப் போய்விடும், மிச்சம் அடியில் அழுகும். விட நினைத்த மீனை ஈரக்கையால் பிடியுங்கள். முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்காமல் நரம்பை வாயருகே வெட்டி விடுங்கள்.

தேளி, கெளுத்தி முள் குத்தினால் கை தாங்கும் சூட்டுத் தண்ணீரில், சுமார் 45 டிகிரி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணிவரை முக்கி வைத்தால் வலி இறங்கும். சூடு தாங்குமா என்று குத்துப்படாத கையால் பாருங்கள், மரத்த கை வெந்தாலும் தெரியாது. உள்ளே முள் ஒடிந்திருந்தால் மருத்துவமனை.

குளித்தவர்களுக்கு வரும் தொல்லை

இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று காணாமல் போகும் ஏரி என்றால், கோடையில் வண்டல் எடுத்த குழி உள்ளே இருக்கிறது. செங்குத்தாக வெட்டிய ஓரம், காலடியில் வழுக்கும் களிமண். தண்ணீர் வற்றியபோதே குழிகளைக் குறித்து, விளிம்பில் உயரமான கழி நட்டுச் சிவப்புத்துணி கட்டினால்தான் நிறைந்த பிறகு தெரியும். மதகு திறந்திருக்கும் நாளில் அதன் அருகே இறங்கவே கூடாது. இழுக்கும் விசை மேலே தெரியாது. தவிப்பவரைப் பார்த்துக் குதிக்காதீர்கள். கயிறு, காலிக் கேன், முடிந்து நீட்டிய வேட்டி, எது கையில் கிடைக்கிறதோ அதை எறியுங்கள்.

குளித்துச் சில மணி நேரத்தில், தண்ணீர் பட்ட இடத்தில் மட்டும் சிவந்த அரிப்புப் புள்ளி: நத்தையிலிருந்து வரும் நுண்புழு தோலில் நுழைந்து செத்துப்போனது. தானே ஆறும், சொறிந்து புண்ணாக்காமல் இருந்தால். அடுத்தமுறை கரையேறியதும் துண்டால் அழுத்தித் துடையுங்கள், பாசி அடர்ந்த கரையோரத்தில் நிற்காதீர்கள்.

அட்டை ஒட்டினால் உப்பு, நெருப்பு வேண்டாம்; வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கும். ஒடுங்கிய முனைப் பக்கம் நகத்தைத் தோலோடு ஒட்டித் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் சற்று நேரம் கசியும், அழுத்திப் பிடியுங்கள்.

காலில் வெடிப்போ காயமோ உள்ளவர் மழைக்காலத்தில் ஏரியில் இறங்கி, அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், மருத்துவரிடம் ஏரியில் இறங்கியதைச் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சலை மற்றக் காய்ச்சலிலிருந்து பிரித்துச் சந்தேகிக்க அவருக்கு அந்த ஒரு தகவல் தேவை; கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.